அவதி என்றால் இங்கே விடுமுறை!

கழக்கூட்டம்: மலையாளத்தில் விடுமுறைக்கு 'அவதி' என்று பெயர். நம் தமிழிலோ அவதி என்றால் துன்பம். கேரளத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், "நாளை அவதி" என்று மானேஜர் சொன்னதைக் கேட்டு, என்ன கஷ்டமோ என்று திகைத்து நின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்றும், பட்டி என்றால் நாய் என்றும் இரண்டே நாளில் தெரிந்துவிடுகிறது. ஆனால் இந்த அவதி என்ற சொல் மட்டும் வீட்டை விட்டு வந்த இளைஞர்களுக்கு இரண்டு மொழியிலும் சரியாகத்தான் இருக்கிறது. விடுமுறை வந்தால் ஊருக்குப் போக வண்டியில் இடம் கிடைக்காது. போகாவிட்டால் அறையில் பொழுது போகாது. சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்காது.

இந்த ஊரில் தங்கி வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள் விடுமுறை நாட்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்று விசாரிக்கலாம் என்று தோன்றியது. 2025-ஆம் ஆண்டு ஓணத்தின்போது சிலரிடம் பேசினேன். அவர்களில் ஒருவர் கதையைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். வயது 22. சங்கரன்கோவில் பக்கம். கம்பி, சிமெண்டு விற்கும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய முதலாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமாம்!

கழக்கூட்டத்தைப் பற்றி அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. திருவிதாங்கூர் சரித்திரத்தில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவை எதிர்த்து நின்ற எட்டு வீட்டுப் பிள்ளைமார் உண்டல்லவா, அவர்களில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. பின்னர் 1962-இல் சைனிக் பள்ளி வந்தது. 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியது. அதன் பிறகு ஊர் முகமே மாறிவிட்டது. 2022-இல் நெடுஞ்சாலைக்கு மேலே சுமார் 2.7 கிலோ மீட்டர் நீள மேம்பாலமும் வந்துவிட்டது. கட்டடம் எழும்பும் இடத்தில் தமிழன் இல்லாமல் இருப்பானா? கொத்தனார், கம்பி கட்டுபவர், ஓட்டல் சிப்பந்தி, காவலாளி, கடைக் கணக்குப்பிள்ளை, கம்ப்யூட்டர் எஞ்சினீயர் என்று எல்லாத் தரத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும் கணக்கு

ஓணத்துக்கு அரசு விடுமுறை நான்கு நாள். உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம். 2025-இல் செப்டம்பர் 4 முதல் 7 வரை. நம் இளைஞர் வேலை செய்யும் கடையில் உத்திராடத்தன்று மத்தியானம் கதவை இழுத்துவிட்டார்கள். ஆக மூன்றரை நாள் கையில்.

சங்கரன்கோவில் போகக் கொல்லத்தில் வண்டி மாற வேண்டும். கொல்லம் - செங்கோட்டைப் பாதை அகலப்பாதையாக மாறி 2018-இல் முழுவதும் திறந்த பிறகு, புனலூர், ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து போகும் வண்டியில் நேரே சங்கரன்கோவிலில் இறங்கலாம். அந்தப் பதின்மூன்று கண் பாலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவதே ஒரு சுகம். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். இடையில் ஒன்றரை நாள்தான் மிச்சம். அதிலும் ரிசர்வேஷன் வேண்டும். 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு. பண்டிகை நாட்களுக்கு அது திறந்த சிறிது நேரத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட் ஓடத் தொடங்கிவிடுகிறது. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எத்தனை அம்மாக்களின் எதிர்பார்ப்பு அந்த லிஸ்ட்டில் 140, 150 என்று நிற்கிறது என்பதற்கு அளவில்லை.

ஆனால் இந்த இளைஞர் போகாததற்கு வண்டி காரணம் அல்ல. தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். ஓணத்துக்குக் கடையில் போனஸ் கொடுத்தார்கள், ஆறாயிரம் ரூபாய். அதை ஒரு பைசா எடுக்காமல் போன் மூலமாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் காலத்தில் மனியார்டர் போய்ச் சேர ஐந்தாறு நாள் ஆகும். இப்போது ஒரு நிமிஷம். பணம் போன சற்று நேரத்தில் அம்மா கூப்பிட்டார்களாம்.

"காசு வந்துட்டு. நீ வரலையே, எய்யா!"

இதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சிக்னல் சரியில்லன்னு சொல்லி வச்சுட்டேன், சார்" என்றார்.

உத்திராடப் பாய்ச்சல்

திருவோணத்துக்கு முந்தைய நாள் கடைசி நேரச் சாமான் வாங்க ஊரே ஓடுவதற்கு இங்கே 'உத்திராடப் பாய்ச்சில்' என்று பெயர். நம் இளைஞரும் அறைத் தோழர்கள் இருவரும் அந்தப் பாய்ச்சலில் கலந்துகொண்டார்கள். கழக்கூட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் பத்து ரூபாய். கொரோனாக் காலத்தில் 30 ஆக்கியிருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 2024-இல் மறுபடி 10 ஆக்கினார்கள். எக்ஸ்பிரஸில் ஏறினால் அதே தண்டவாளம், அதே தூரம், ஆனால் 30 ரூபாய். பாசஞ்சர் சீட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் தாவி ஏறிவிட்டு, பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசகர்கள் தயவு செய்து கவனிக்க.

அவர்கள் போனது சாலைக் கடைத்தெருவுக்கு. தமிழ் காதில் விழ வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான கடைத்தெரு. தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் இடம். அந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதையாக எழுதியவர் ஆ. மாதவன். 2015-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றார், 2021-இல் காலமானார். கல்லாவில் உட்கார்ந்தபடியே இலக்கியம் செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி. கணக்கு எழுதும் நம் இளைஞரிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். "கடையில இருந்தா எழுதினாரு?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அன்று வாங்கியவை: ஒரு சட்டை, நேந்திரங்காய் வறுவல், சர்க்கரை வரட்டி. வறுவலும் வரட்டியும் தமக்கு அல்ல. இரவு வண்டியில் ஊருக்குப் போன ஒரு கொத்தனாரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஒரு சரிகைக் கரை வைத்த வெள்ளைப் புடவை வாங்கலாம் என்று பத்து நிமிஷம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். கல்யாணம் முடியட்டும் என்று வந்துவிட்டார்.

மூன்று பேரும் சேர்ந்து வாங்கியது ஒன்று உண்டு. திருவோணம் பம்பர் லாட்டரிச் சீட்டு! விலை 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. கேரள அரசு 1967-இல் லாட்டரியைத் தொடங்கியபோது சீட்டு விலை ஒரு ரூபாய், முதல் பரிசு 50 ஆயிரம். 2023-இல் இந்தப் பம்பரின் முதல் பரிசு, பங்கு போட்டு வாங்கிய தமிழ்நாட்டு நண்பர்கள் நால்வருக்கு விழுந்தது. அதிலிருந்து நம்மவர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஐந்நூறை மூன்றால் வகுத்தால் மீதி வரும் இரண்டு ரூபாயை யார் போடுவது என்று அறையில் ஒரு பெரிய வாக்குவாதம். கணக்குப்பிள்ளை என்ற முறையில் நம் இளைஞர் 167 போட்டார். செப்டம்பர் 27 என்றிருந்த குலுக்கல் அக்டோபர் 4-க்குத் தள்ளிப் போயிற்று. அதனால் கோடீஸ்வரக் கனவு ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. பரிசு ஒன்றும் விழவில்லை. லாட்டரியை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனாலும் உத்திராடத்தன்று அரசு மதுக்கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் படம் பிடித்துப் போடுகின்றனவே, அந்த வரிசையில் நிற்பதற்கு 167 ரூபாய்க் கனவு எவ்வளவோ மேல். அறையில் தங்கும் இளைஞர்களில் போனஸ் முழுவதையும் அந்த வரிசையில் விட்டவர்களும் இருக்கிறார்கள். மூடி மறைப்பானேன்?

இலையில் ஒரு போளி

திருவோணத்தன்று காலை ஒன்பது மணி வரை தூக்கம். "எழுப்ப ஆள் இல்லாம தூங்குறதே பெரிய பண்டிகை" என்கிறார்கள் மூவரும். பிறகு ஒரு வாரத்து அழுக்குத் துணியை ஊற வைத்துத் துவைத்து, மொட்டை மாடியில் காயப் போட்டு, சாவகாசமாக எண்ணெய் தேய்த்துக் குளியல். வெளியே டீக்கடை கூட இல்லை. டெக்னோபார்க் மூடியதால் அதை நம்பியிருக்கும் மெஸ்களும் மூடிக் கிடந்தன. சென்ற வருஷம் இது தெரியாமல் பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்களாம். இந்த வருஷம் முன்னெச்சரிக்கையாக அரிசியும் முட்டையும் வாங்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் நம் இளைஞருக்கு வேறு அழைப்பு. கடையில் லோடு இறக்கும் ஒரு சேட்டன், "வீட்டிலேக்கு வரணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போவதா வேண்டாமா என்று இவருக்குக் கூச்சம். மலையாளம் பாதி புரியும், பாதி புரியாது. பண்டிகை நாளில் அடுத்தவர் வீட்டில் போய் உட்காருவதா என்று வேறு. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பழமும் இனிப்பும் வாங்கிக்கொண்டு ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் பூக்களம். அந்த வீட்டுச் சிறுமி, ஒவ்வொரு பூவுக்கும் மலையாளத்தில் பெயர் சொல்லிக் காட்டினாள். செவ்வந்தி, அரளி, வாடாமல்லி என்று இவர் தமிழில் சொன்னார். இந்தப் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று அவளிடம் கேட்டாராம். "சாலையில்நின்னு" என்றாள். சாலைக்கு எங்கிருந்து வருகிறது என்றால் அவளுக்குத் தெரியவில்லை. ஓணச் சீசனில் இந்தப் பக்கத்துக்குப் பூ வருவது பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைச் சந்தையிலிருந்து. காய்கறியும் வாழை இலையும் அப்படித்தான் எல்லை தாண்டி வருகின்றன. 1956 நவம்பர் 1 வரை தோவாளைத் தாலுகாவும் கழக்கூட்டமும் ஒரே ராஜ்யத்தில்தான் இருந்தன. எல்லைக்கோடு வந்தது மனிதருக்கு. பூவுக்கு என்ன? ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள்.

பிறகு சத்யை. வரிசையாக இலை போட்டு, பருப்பும் நெய்யும், சாம்பார், அவியல், எரிசேரி, ஓலன், காளன், பச்சடி, கிச்சடி, இஞ்சிக் கறி என்று வந்துகொண்டே இருக்கிறது. எதை எதோடு பிசைவது என்று இவர் பக்கத்து இலையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார். அடைப் பிரதமன் முடிந்தது, எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது மஞ்சளாக மெல்லிசாக ஒன்று இலையில் விழுந்தது. போளி! திருவனந்தபுரம் வட்டாரத்து விருந்தில் போளியைப் பிய்த்துப் போட்டு அதன் மேல் பால் பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்கள். வடக்கே போனால் இந்தப் பழக்கத்தைக் காண்பது அரிது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் தனியாக வைக்கும் போளி, இங்கே பாயசத்தில் முழுகுகிறது. "மோனே, கொறச்சுக் கூடி" என்று அந்த வீட்டு அம்மா இரண்டாவது போளியையும் போட்டுவிட்டார். அறைத் தோழர்களுக்கு ஆறு போளி பொட்டலம் கட்டிக் கொடுத்ததோடு, "வீட்டில் ஆரொக்கெ உண்டு?" என்று விசாரித்தார். தங்கை கல்யாணத்தைச் சொன்னதும், மாப்பிள்ளைக்கு என்ன ஜோலி, எவ்வளவு பவன் என்று கேட்டு, இவர் சொன்ன பதிலுக்குப் பெருமூச்சு விட்டாராம். அந்தப் பெருமூச்சுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

தும்பாவும் வேளியும்

அவிட்டத்தன்று மூன்று பேரும் கடற்கரைப் பக்கம் போனார்கள். முதலில் தும்பா. இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று இங்கிருந்துதான் வானில் சென்றது. மீனவர்களின் மேரி மகதலேனா மாதா கோயிலும் பிஷப் இல்லமும்தான் அப்போது அலுவலகம். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் கொண்டுபோன புகைப்படம் உலகப் பிரசித்தம். அந்த முதல் ராக்கெட்டைப் பொருத்தும் வேலையையும் அதன் பாதுகாப்பையும் கவனித்தவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அப்போது அவருக்கு வயது 32. நகரத்தில் ஒரு லாட்ஜில் பிரம்மச்சாரியாகத் தங்கிக்கொண்டு வேலைக்கு வந்துபோன தமிழ் இளைஞர்! லாட்ஜ் அறையில் கிடப்பவர்கள் எல்லோரும் கலாம் ஆகிவிட முடியாதுதான். இருந்தாலும் இந்தச் செய்தி மூவருக்கும் உற்சாகமாக இருந்தது என்பதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். பழைய மாதா கோயில் கட்டடம் இப்போது விண்வெளிக் கண்காட்சிக் கூடம். விடுமுறை நாளானதால் அவர்கள் உள்ளே போக முயலவில்லை. போக விரும்புகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வை நேரத்தை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

அங்கிருந்து வேளி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் அசையாத தண்ணீர். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் செய்த பிரமாண்டமான சங்கு இங்கேதான் இருக்கிறது. 2020-இல் சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில் ஒன்றையும் இங்கே தொடங்கினார்கள். கரியும் டீசலும் பார்த்து வளர்ந்த ரயில்வேக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கைதான். நம் இளைஞர்கள் காசு கொடுத்துப் பார்த்தது நுழைவுச் சீட்டுக்கும் டீக்கும் மட்டும். மற்றதெல்லாம் கடற்கரையில் சும்மா உட்கார்ந்ததுதான். மூன்று மணி நேரம்! என்ன பேசினீர்கள் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவர் கல்யாணத்துக்குப் பந்தல் யார் போடுவது என்றாராம். இன்னொருவர் வளைகுடாவுக்குப் போகலாமா என்றாராம். மூன்றாமவர் மணலில் தூங்கிவிட்டார்.

மாலையில் நகரத்துக்குப் போய் ஓணம் விளக்கலங்காரம். கவடியார் முதல் கிழக்கே கோட்டை வரை சாலை முழுவதும் வண்ண விளக்கு. கனகக்குன்னில் பாட்டும் கூத்தும். பார்க்கப் பணம் கிடையாது. ஜனக்கூட்டத்தில் இழுபட்டு இழுபட்டே இரண்டு மணி நேரம் போயிற்று. திரும்பும்போது பாசஞ்சரை விட்டுவிட்டு, எக்ஸ்பிரஸில் 30 ரூபாய் கொடுத்து வந்ததில் நம் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை.

கயிறு இழுத்த கதை

சதயத்தன்று ஒன்றும் திட்டமில்லை. பக்கத்து வாசகசாலை மைதானத்தில் ஓண விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கேரளத்தில் சந்துக்குச் சந்து வாசகசாலையும் கலை, விளையாட்டு மன்றமும் உண்டு என்பது வாசகர்கள் அறிந்ததே. மாலை நேரத்தில் அங்கே பத்திரிகை படிக்கப் பணம் கேட்பதில்லை. அறையில் செல்போனைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கும் நம் பிள்ளைகள் அந்தப் படி ஏறத் தயங்குவது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

உறியடி நமக்குத் தெரிந்ததுதான். 'வடம்வலி' என்பது கயிறு இழுக்கும் போட்டி. ஓர் அணியில் ஒருவர் குறைந்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவரை, "அண்ணாச்சி, வா!" என்று கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தமிழர்களைக் கேலியாகவும் சரி, பிரியமாகவும் சரி, அண்ணாச்சி என்று அழைப்பது இங்கே வழக்கம். அன்றைக்கு எந்த அர்த்தத்தில் என்று இவர் யோசிக்கவில்லையாம். தினமும் கம்பிக் கட்டைத் தூக்கிப் பழகிய கை. முதல் சுற்றில் வெற்றி, இரண்டாம் சுற்றில் தோல்வி. பரிசு ஒரு வாழைக்குலை என்று சொன்னார்கள், அது எதிரணிக்குப் போய்விட்டது. உள்ளங்கை உரிந்துபோயிருந்ததை எனக்குக் காட்டினார். காட்டும்போது முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

இரவு அம்மாவுக்கு இவரே போன் செய்தார். இந்தத் தடவை சிக்னல் நன்றாக இருந்தது. போளியைப் பாயசத்தில் போட்டுத் தின்றதைச் சொன்னதும் அம்மா, "அது என்னடா கூத்து!" என்று சிரித்தார்களாம். வறுவல் வந்து சேர்ந்துவிட்டது, தங்கை பாதியைத் தீர்த்துவிட்டாள். பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கை உரிந்ததை மட்டும் இவர் சொல்லவில்லை.

பிறகு கணக்கு நோட்டை எடுத்தார். உத்திராடத்தன்று ரயில் 20, சட்டை 450, வறுவலும் வரட்டியும் 230, லாட்டரி 167. திருவோணத்துக்குப் பழம், இனிப்பு 150. அவிட்டத்தில் பஸ் 52, வேளியில் 60, ரயில் 30. சதயத்தன்று டீ 24. ஆக மொத்தம் 1,183 ரூபாய். சட்டையையும் லாட்டரியையும் கழித்துவிட்டால் மூன்றரை நாள் 566 ரூபாயில் போயிருக்கிறது.

தைப்பொங்கலுக்குக் கேரள அரசு, தமிழ்நாட்டை ஒட்டிய 6 மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது. திருவனந்தபுரமும் அதில் ஒன்று. ஆனால் அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். சிமெண்டுக் கடைக்கு அல்ல. தங்கை கல்யாணத்துக்காக எட்டு நாள் லீவைச் சேர்த்து வைத்திருக்கிறார். லோடு இறக்கும் சேட்டனும் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். சங்கரன்கோவிலுக்கு இரண்டு டிக்கெட், அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.